சோறு வடிக்கிற கேசட்

அன்றைக்கு விடியக்காலையில் மெஸ்ஸில் இருந்தவர்கள் ஐந்து பேர். அடுப்புக்கு முன்னால் மெஸ் அக்கா. இலை துடைத்துக்கொண்டிருந்த அவருடைய நாத்தனார் பாண்டியம்மா. ஜீப்பை வாசலில் உறுமவிட்டுவிட்டு உள்ளே தலையை நீட்டிய டிரைவர் சேகர். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சோற்றுப் பொட்டலம் வாங்க நின்ற கங்காணியம்மா. அப்புறம் நான். ஜீப்புக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் எதையும் பார்க்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் கேட்டார்கள். குமுளி தாண்டி ஏலத்தோட்டம் போய்ச் சேரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம்.

நான் எதற்காக அந்த நேரத்தில் அங்கே போய் நின்றேன் என்றால், முதல்நாள் சாயங்காலம்தான் அக்காவின் பழைய கேசட் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சிடியாக்கிக் கொடுத்திருந்தேன். அது ஒழுங்காகப் பாடுகிறதா என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. வீட்டைப் பூட்டினால் பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். இடி இடித்தால் கம்ப்யூட்டர் வயரை மட்டுமல்ல, டியூப்லைட் ஸ்டார்ட்டரையும் கழற்றி வைத்துவிடுவேன்.

அந்தக் கம்ப்யூட்டர் என் மனைவி செல்வியின் கழுத்துச் செயின். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கம்பம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கேசட் கடையில் பாட்டுப் பதிகிற வேலை பார்த்தேன். ஊரெல்லாம் சிடி வந்து கடையை மூடும்போது, முதலாளி சம்பளப் பாக்கிக்குப் பதிலாகக் கேசட் ஓட்டுகிற டெக்கைத் தூக்கிக் கொடுத்தார். நல்ல டெக். அதை வைத்துக்கொண்டு, செயினை அடகு வைத்து ஒரு கம்ப்யூட்டரும் வாங்கிவிட்டால், ஊரில் உள்ள கேசட்டையெல்லாம் சிடியாக்கிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். எங்கள் பக்கத்தில் ஜீப்புகளுக்குப் பஞ்சமில்லை. விடிந்தால் மலைக்குத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் டேஷ்போர்டு நிறையக் கேசட். அத்தனை டிரைவரும் விடியக்காலையில் வந்து நிற்கிற இடம் மெஸ் அக்காவின் கடை. அதனால் அக்காவே முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டபோது, செயின் திரும்பி வந்த மாதிரியே இருந்தது.

"ஏலே, நீ பாட்டுக்கடையில இருந்தவன்தான?"

"ஆமாக்கா."

"இந்தப் பாட்டுப்பெட்டி இப்பல்லாம் கேசட்டைத் திங்குது. சேகரு சிடி போடுற பெட்டி ஒண்ணு கொண்டாந்து குடுத்திருக்கான். இதுல உள்ளதை அதுக்கு மாத்தித் தருவியா?"

"தரேன்க்கா. கேசட்டுக்கு அம்பது ரூபா."

"நாலு கேசட்டு இருக்கு. சரியா வந்துச்சுன்னு வையி, ஜீப்புக்காரன் பூராப் பேர்ட்டயும் நானே சொல்லிவிடுறேன். ஆனா இருந்தது இருந்தபடி வரணும்."

"அதைவிட நல்லாவே வரும்க்கா."

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் புரிந்திருந்தால் அங்கேயே கேசட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அக்காவுக்கு 'நல்லாவே' என்கிற வார்த்தை ஆகாது. இருக்கிறது இருக்கிறபடி இருக்க வேண்டும். மெஸ்ஸில் ஒரு பெஞ்சு, ஒரு கால் குட்டை. அதற்குத் தகுந்த மாதிரி இலையைச் சாய்த்துப் போட்டு, குழம்பு ஓடாமல் ஊற்றிப் பழகியிருந்தார். ஒரு தச்சர், சாப்பிட்ட நன்றிக்காக, அக்கா இல்லாத நேரத்தில் அந்தக் காலுக்கு ஒரு கட்டையை வைத்து அடித்துச் சமப்படுத்திவிட்டுப் போனார். மறுநாள் மூன்று பேர் வேட்டியில் ரசம். அக்கா தச்சரை வரவழைத்து, கட்டையைப் பிடுங்கச் சொல்லி, பிடுங்கியதற்குக் கூலியும் கொடுத்தார்.

அடுப்படியில் காப்பித்தூள் என்று எழுதிய டப்பாவில் உப்பு இருக்கும். உப்பு என்று எழுதிய டப்பாவில் சீரகம். பாண்டியம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் பேரைக் கிழித்துவிட்டுச் சரியாக எழுதி ஒட்டினார். அன்றைக்குப் பூராவும் அக்கா அவரோடு பேசவில்லை. சாயங்காலம்தான், "எழுத்தைப் படிச்சா சமைக்கிறாக? கைக்குத் தெரிஞ்ச டப்பாவை ஏன்டி கண்ணுக்கு மாத்துற?" என்று கேட்டார்.

சோறு வெந்துவிட்டதா என்று ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிற வழக்கமும் அவருக்குக் கிடையாது. "தொட்டுப் பாக்குறவளுக்கு அடுப்பு தெரியலைன்னு அர்த்தம்" என்பார். எப்படித்தான் சரியாக வடிக்கிறார் என்று எல்லோருக்கும் ஆச்சரியம். எனக்கும்தான். அந்த ஆச்சரியத்துக்கு விடை என் கையில் கேசட்டாக வந்திருந்தது. அது எனக்குத் தெரியாது.

முதலில் எடுத்தது விடியக்காலைக் கேசட். இரண்டு பக்கமும் சாமி பாட்டு, பக்கத்துக்கு மூன்று நீளப் பாட்டு. என் டெக்கில் போட்டு, வயரைக் கம்ப்யூட்டரின் நீல ஓட்டையில் குத்தி, ஓடவிட்டேன். இரைச்சலைக் குறைத்தேன். மூன்றாவது பாட்டில் பெட்டி தின்ற இடம் ஒன்று இருந்தது. டேப்பை வெட்டி ஒட்டியதில் ஒரு முழு வரி காணாமல் போயிருந்தது. என்னிடம் அதே பாட்டு சுத்தமாக இருந்ததால் அதைத் தூக்கி அங்கே வைத்தேன். முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கம் தொடங்கும்வரை உள்ள வெறும் இடத்தையும் வெட்டிவிட்டேன். கேட்கிறவர்களுக்கு அலுப்பாக இருக்குமே என்று. இடையில் மின்சாரம் போய், செய்ததெல்லாம் அழிந்து, திரும்பவும் செய்தேன். இரண்டு சிடி பாழாகி மூன்றாவதுதான் பிடித்தது. ஒரு கேசட்டுக்கு இவ்வளவு பாடு. அம்பது ரூபாய்க்கு இது கட்டுமா என்று செல்வி கேட்டாள். முதல் போணி, கையைக் கடித்தாலும் பரவாயில்லை என்றேன்.

இப்போது அந்த விடியக்காலைக்கு வருகிறேன். சிடி பாடத் தொடங்கியது. கண்ணாடி மாதிரி இருந்தது. நான் கதவோரம் நின்று சேகரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் அடுத்த கிராக்கி. "நல்லா எடுத்திருக்கப்பா" என்று அவர் சொன்னதும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அக்காவின் முகம் மட்டும் சரியில்லை.

"என்னடா, பாட்டு ஓடுது?"

"ஓடத்தானக்கா செய்யும்."

"இல்லடா, ஓடுதுங்கிறேன். பின்னாடி யாரோ விரட்டுற மாதிரி."

தாளிப்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மூன்றாவது பாட்டு முடிந்தது.

"கடுகு போடுற இடம் எங்கடா?"

"எதுக்கா?"

"பாட்டு ஒரு துள்ளுத் துள்ளும்ல, அந்த இடம். அதைக் காணோம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துள்ளுகிற இடத்தைச் சரிசெய்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு தொடங்கிவிட்டது. அதைக் கேட்டதும் அக்காவின் கை தன்னால் வடிதட்டுக்குப் போனது. பெரிய பானையைச் சாய்த்துவிட்டார். பாண்டியம்மா முதல் இலையில் சோற்றை வைத்தார். வைத்த கை நின்றது.

"மதினி, பருக்கை உருளுது."

கங்காணியம்மா இரண்டு பருக்கையை எடுத்து வாயில் போட்டு, கடித்து, கையில் துப்பினார். "நடுவுல அரிசியாவே இருக்குத்தா. குழம்புலயும் பச்சைப்புளி மணக்குது. மலையில போயி இதைத் தின்னா எவ கூடை தூக்குவா?"

"சேச்சி, சமயமாயி, நேரமாச்சு" என்று சேகர் மலையாளம் கலந்து கேலி பண்ணிக்கொண்டே ஹாரனை அடித்தார். ஜீப் நிற்காது. ஒரு ஜீப் தாமதமாகத் தோட்டத்துக்குப் போனால் அத்தனை பேருக்கும் அன்றைய கூலியில் கை வைத்துவிடுவார்கள். அக்கா பொட்டலம் கட்டுவதை நிறுத்தினார். "நான் பொங்குன சோத்தை ஒருத்தி துப்பக் கூடாது. போங்க, டீக்கடையில பன்னை வாங்கிட்டுப் போங்க. காசு நான் குடுத்துக்கிறேன்."

ஜீப் போனதும் என் பக்கம் திரும்பினார். "உன் கம்ப்யூட்டருக்கு வயித்துல பசின்னு ஒண்ணு இருந்தாத் தெரியும்டா."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அக்கா அத்தனை வருடமாகப் பாட்டுக் கேட்கவே இல்லை. அதில் ஒரு வரியைப் பாடச் சொன்னால் அவருக்குத் தெரியாது. முதல் பாட்டில் உலை, இரண்டாவதில் அரிசி, மூன்றாவதில் டேப் துள்ளுகிற இடத்தில் கடுகு, முதல் பக்கம் முடிந்து பெட்டி 'டக்'கென்று நின்றதும் தீயைத் தணித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேசட்டைத் திருப்பிப் போடுவார். அடுத்த பக்கம் பாட ஆரம்பித்ததும் வடிப்பார். அந்த மெஸ்ஸின் கடிகாரம் அந்தக் கேசட்.

வீட்டுக்கு வந்து என் சிடியைச் சுவர்க் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தேன். சரியாக ஓடியது. மறுபடி மெஸ்ஸுக்குப் போய் அக்காவின் பெட்டியில் அதே கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம் கூடுதலாக இழுத்தது. உள்ளே பெல்ட் தொய்ந்துபோய், பாடகருக்குக் காய்ச்சல் கண்ட மாதிரி பாட்டு நகர்ந்தது. குற்றம் என் மேல் இல்லை. எவ்வளவு பெரிய ஆறுதல். அடுப்படிக்கு ஓடிப் போய்ச் சொன்னேன்.

"அக்கா, உங்க பெட்டிதேன் பைய ஓடுது. என் சிடி கரெக்டு."

"பைய ஓடுற பெட்டியில சோறு வெந்துச்சா இல்லையா?"

"வெந்துச்சு."

"கரெக்டா ஓடுற சிடியில?"

பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்ற மாதிரியே நின்றேன். அப்புறம் ஒரு யோசனை சொன்னேன். "ஒரு அலாரக் கடிகாரம் வாங்கி வச்சிருவோம்க்கா. நானே வாங்கித் தாரேன்."

"கடிகாரம் மணி அடிக்கும். என்னத்துக்கு அடிக்குதுன்னு சொல்லுமா?"

பெட்டியை ஒருநாள் என் வீட்டுக்குக் கொடுங்கள், அதிலிருந்தே ஏற்றித் தருகிறேன் என்றேன். பெட்டி அலமாரியிலிருந்து இறங்காது என்றார். பழைய சிடியை மெதுவாக ஓடுகிற மாதிரி கம்ப்யூட்டரிலேயே இழுத்துத் தருகிறேன் என்றேன். கைக்குச் சரியாக வராது என்றார். கடைசியில், செயினை நினைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரையே மெஸ்ஸுக்குக் கொண்டுபோகச் சம்மதித்தேன். தள்ளுவண்டியில் மெத்தையைப் போட்டு, அதன் மேல் மானிட்டர், மேலே செல்வியின் சேலை. ஒவ்வொரு குழிக்கும் மானிட்டரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தேன். செல்வி பக்கத்தில் நடந்து வந்தாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். அடுப்படிப் புகை, ஈரத் தரை, பிளக் பாயிண்டில் கரப்பான்பூச்சி. பெட்டியின் இயர்போன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு வயரைக் கொடுத்தேன். அக்கா செல்வியின் கழுத்தைப் பார்த்தார். வெறும் மஞ்சள் கயிறு.

"கழுத்துல கெடந்ததை எங்கத்தா?"

செல்வி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தார். "ம்" என்றார். அப்புறம் செல்விக்கு மட்டும் ஒரு டம்ளர் மோர் வந்தது. எனக்கு வரவில்லை.

முதல் தடவை, பாதியில் மின்சாரம் போனது. விட்ட இடத்திலிருந்து ஒட்டிக்கொள்ளலாம் என்றேன். "ஒட்டுனா தெரியும்" என்றார். முதலிலிருந்து எடுத்தேன். இரண்டாவது தடவை 'டக்' விழுந்ததும் நான் எழுந்து கேசட்டைத் திருப்பப் போனேன். "தொடாத!" என்று ஒரு சத்தம். "நான் வந்து திருப்புறேன். நான் வர்ற நேரம் பூராவும் உள்ள போகணும். நீ பறந்து போயித் திருப்புனா சோறு வேகுமா?" திரும்பவும் முதலிலிருந்து. இந்தத் தடவை அக்கா நிஜமாகவே அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார், தீ இல்லாத அடுப்பு. 'டக்' விழுந்தது. விறகை வெளியே இழுப்பதுபோல இழுத்தார். எழுந்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். நடந்து வந்தார். திருப்பிப் போட்டார். அதுவரை கம்ப்யூட்டர் ஒன்றுமில்லாததைப் பதிந்துகொண்டிருந்தது. திரையில் ஒரு நேர்கோடு மட்டும் போனது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. நாலு கேசட்டும் முடிய நாலு மத்தியானம் ஆனது. நாலு தரம் தள்ளுவண்டி.

அடுத்த விடியலில் சோறு பூவாக வெந்தது. அக்காவின் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். வருகிற ஒவ்வொரு டிரைவரிடமும், "இந்தா பாடுதுல்ல, இந்தச் சிடி நம்ம தம்பி போட்டது. கம்பத்துல இவனை விட்டா ஆளு கெடையாது" என்று பெருமையாகச் சொன்னார்.

டிரைவர்கள் கேட்டார்கள். பாட்டு இழுத்தது. நடுவில் ஒரு வரியைக் காணவில்லை. பாதியில் நின்று, வெகுநேரம் ஊமையாகி, திரும்பவும் பாடியது.

"என்னப்பா இது? சீக்காளி பாடுற மாதிரி இருக்கு?" என்று சேகரே கேட்டார். "அன்னைக்கு நல்லாத்தான போட்டிருந்த?"

அவர்களுடைய கேசட்டெல்லாம் தேனிக்குப் போனது. எனக்கு ஒன்றுகூட வரவில்லை. அக்கா விளம்பரம் செய்யச் செய்ய என் பிழைப்பு படுத்தது. நான் போய்க் கெஞ்சினேன்.

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். பெட்டி பைய ஓடுறதால அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"இல்லாததை நான் எப்படிடா சொல்வேன்? என் பெட்டி சரியாத்தேன் ஓடுது."

"அப்ப என் பேரையாவது சொல்லாதீக."

"நல்ல வேலை செஞ்சவன் பேரை மறைக்கவா? நான் அப்படிப்பட்டவ இல்ல."

இப்படிப்பட்ட ஆளிடம் எங்கே போய் முட்டிக்கொள்வது? செயினுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. காதுகுத்து, சடங்கு வீடியோக்களைச் சிடியில் போட்டுக் கொடுத்து, நயா பைசா நயா பைசாவாகச் சேர்த்து, அதை மீட்க ஒன்றரை வருடம் போயிற்று. ஜீப் கேசட் ஒன்றுகூட என் டெக்கில் ஏறவில்லை.

கூலி கேட்கப் போனது தனிக் கதை. அக்கா என்னை உட்காரவைத்தார். குட்டைக்கால் பெஞ்சுக்கு முன்னால்தான். இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றி, தொட்டுக்கொள்ள வெஞ்சனமும் வைத்துவிட்டுக் கணக்குச் சொன்னார்.

"நாலு கேசட்டுக்கு எரநூறு. சரியா?"

"சரிக்கா."

"அன்னைக்கு உன்னால பாழாப்போன பொட்டலம் பதினாறு. பதினஞ்சு ரூபாக் கணக்குக்கு எரநூத்தி நாப்பது. பன்னுக்காசு நான் கேக்கலை. மிச்சம் நாப்பது ரூபா நீதேன் எனக்குத் தரணும்."

விளையாடுகிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. சாப்பாட்டுக்குக் காசு நீட்டினேன். "சோத்துக்கா காசு கேட்டேன்? அது வேற, இது வேற" என்று தள்ளிவிட்டார். செல்விக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார், அதற்கும் காசு வாங்கவில்லை. அந்த நாற்பதை மட்டும் விடவில்லை. தெருவில் என்னைக் கண்டால், "ஏலே நாப்பது, இங்கன வா" என்று கூப்பிடுவார். ஜீப்புக்காரர்களுக்கும் அந்தப் பேர் பிடித்துப்போனது. பெத்த அம்மா வைத்த பேரை ஊர் மறந்துவிட்டது.

எனக்கு நாற்பது ரூபாய் இல்லாமல் இல்லை. கொடுத்தால், முதலில் போட்ட சிடி தப்பு என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அது தப்பில்லை. சுவர்க் கடிகாரம் சாட்சி.

ரோட்டை அகலப்படுத்த வந்தபோது மெஸ்ஸின் முன்பாதி போயிற்று. அக்கா மயிலாடும்பாறைக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாராம். அலமாரியிலிருந்து அது இறங்கியது அன்றைக்குத்தான்.

கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டு இன்னும் கிடக்கிறது. இடத்தை அடைக்கிறதே, அழித்துவிடலாம் என்று போனமாதம் கையை வைத்தேன். "அதைத் தொடாதீக" என்று அடுப்படியிலிருந்து செல்வி கத்தினாள். அப்போதுதான் கவனித்தேன். காலையில் எழுந்ததும் அவள் முதலில் தட்டிவிடுவது அதைத்தான். எங்கள் வீட்டில் கொஞ்ச காலமாகச் சோறு குழைவதே இல்லை.

மறுநாள் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். இழுத்து இழுத்துப் பாடியது. அந்த இடத்தில் துள்ளியது. அடுப்படியில் கடுகு வெடித்தது. அப்புறம் 'டக்'. செல்வி அடுப்பைத் தணித்தாள். பாட்டு இல்லை. திரையில் நேர்கோடு போய்க்கொண்டே இருந்தது. இப்போது அக்கா எழுந்திருப்பார். கையைத் துடைப்பார். நடந்து வருவார். வந்து சேரும்வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு எடுத்தது. செல்வி சோற்றை வடித்தாள்.

"மயிலாடும்பாறைப் பக்கம் யாராச்சும் போனா அந்தக் காசைக் குடுத்து விடுங்களேன்" என்றாள்.

"குடுத்தா நான் போட்ட சிடி தப்புன்னு ஆயிரும்ல?"

"சோறு எப்படி இருக்கு?"

நான் தட்டில் போட்டுச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. சிடியும் தப்பில்லை. அதனால் அந்தப் பாக்கி இந்த நிமிஷம்வரை அப்படியே நிற்கிறது: நாற்பது ரூபாய்.